பெஞ்சமின் பிராங்க்ளின் கற்ற வழிகள்

கலாசாலையில் நாம் கற்கும் பாடங்கள் பல; கற்கும் முறையோ ஒன்றே. செய்யுளை உருப்போடுகிறோம், க்ஷேத்திர கணிதத்தையும் அவ்வாறே உருப்போடுகிறோம். அங்ஙனம் செய்து ஒரு பரீக்ஷையில் யான் பட்ட பாட்டை ஈண்டு விரித்தல் வேண்டா. அதன் பின்னரே பிராங்க்ளினுடைய சரித்திரத்தைக் கருத்தூன்றிப் படிக்கலானேன்.

இவர் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்பவர். அவருக்கு மக்கள் பதினேழு பேர். அவருள் ஆண்மக்களில் இளையவர் பெஞ்சமின். எட்டாம் வயதில் இலத்தீன் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, ஓராண்டு நிரம்பு முன்னரே நிறுத்தப்பட்டார். பின்பு சேர்ந்த பள்ளியில் எழுத்து நன்கு வந்தது, கணக்கு வரவில்லை. பத்தாம் வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. பன்னிரண்டாம் வயதில் தமையனார் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழக அமர்ந்தார்.

அக்காலத்தில் அவர் தோழன் ஒருவனோடு கடித மூலமாக வாதம் நடத்தி வந்தார். அக்கடிதங்களைக் கண்ட தந்தையார், எழுத்துப் பிழை இல்லையெனினும் நடையில் நயமும் ஒழுங்கும் போதா என்று சுட்டிக்காட்டினார். மகன் சினவாது வழி தேடினார். ஸ்பெக்டேட்டர் என்னும் ஆங்கிலப் பத்திரிகைத் தொகுதியில் ஒன்று கைக்கெட்டிற்று. அதிலுள்ள கட்டுரையொன்றை வாசித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி வைப்பார். சில நாள் கழித்து, நூலைப் பாராமல் அக்குறிப்புகளைக் கொண்டு கட்டுரையைத் தம் சொல்லிலேயே எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சொல்வளம் குறைவென்று கண்டபோது கதைகளைச் செய்யுளாக்கி, மறந்தபின் அச்செய்யுளை மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, சில வாரம் கழித்து முறைப்பட அடுக்கியும் பழகினார். இத்தனையும் வேலைக்கு முன் விடியலிலும், வேலை முடிந்த இரவிலும் நடந்தன. ஞாபகத்தை விட மறதியை இத்துணைத் திறமையாகப் பயன்படுத்திய மாணவர் வேறொருவரை யான் அறியேன்.

கணக்கை அவர் இவ்வழியில் கற்கவில்லை. பதினாறாம் வயதளவில், பள்ளியில் இருமுறை தவறிய வெட்கம் உறுத்தவே, காக்கர் என்பவரின் எண்கணித நூலை எடுத்துத் தாமாகவே முதலிலிருந்து முடிவு வரை செய்து முடித்தார். முன்பு மலையாயிருந்தது இப்போது எளிதாயிற்று. பின்பு கப்பலோட்டும் கலைபற்றிய நூல்களைப் படித்து, அவற்றின் வாயிலாகச் சிறிது க்ஷேத்திர கணிதமும் அறிந்தார்.

1723ஆம் ஆண்டு தமையனாரை விட்டு நீங்கிப் பிலடெல்பியா சென்றதும், அச்சுத்தொழிலில் உயர்ந்ததும், 1731ஆம் ஆண்டு நண்பரோடு சேர்ந்து சந்தா நூல்நிலையம் நிறுவியதும் பலரறிந்தவை.

1733ஆம் ஆண்டு பாஷைகளில் இறங்கினார். பிரெஞ்சு கைவந்தபின் இத்தாலியம் தொடங்கினார். உடன் கற்ற நண்பரோ சதுரங்கப் பிரியர். பொழுதெல்லாம் ஆட்டத்தில் கழிந்தது. ஆகவே, வென்றவர் இலக்கணப் பகுதியொன்றை மனனம் செய்யும்படியோ மொழிபெயர்க்கும்படியோ விதிக்க, தோற்றவர் அடுத்த சந்திப்புக்குள் செய்து வரவேண்டும் என ஒப்பந்தம் செய்துகொண்டனர். இருவரும் ஆட்டத்தில் சமமானவர். ஆதலால் மாறிமாறித் தோற்றே இருவரும் பாஷை கற்றனர். உருப்போடுதலை அவரும் விலக்கவில்லை, அதற்குரிய இடத்தில் வைத்தார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பிறகு ஸ்பானியமும் கற்று, ஒருநாள் இலத்தீன் வேதாகமம் ஒன்றைப் புரட்டியபோது, தாம் எண்ணியதினும் மிகுதியாய் அது விளங்கக் கண்டு வியந்தார். வழங்கும் பாஷைகளை முதலில் கற்று, பின்னர் இலத்தீனுக்குச் செல்வதே தக்கது என்ற அபிப்பிராயம் இதனால் உறுதிப்பட்டது.

மின்சார ஆராய்ச்சியில் கைகளே ஆசான். லண்டன் வர்த்தகர் காலின்சன் அனுப்பிய கண்ணாடிக் குழலைத் தேய்த்துப் பொறி எழுப்பினார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மிகவே, வேறு குழல்கள் செய்வித்து நண்பர்க்கும் கொடுத்து அவர்களையும் சோதனை செய்ய வைத்தார். 1750ஆம் ஆண்டு மின்சாரத்தால் வான்கோழியொன்றைக் கொல்ல முயன்று, அதிர்ச்சி தம்மேலேயே பாய்ந்து உணர்விழந்தார். அதை எச்சரிக்கையாகுமாறு கடிதத்தில் எழுதினார். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என நிறுவும் வழியைக் காட்டியதற்காக லண்டன் ராயல் சங்கம் 1753ஆம் ஆண்டு அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது.

இவ்வளவு வழிகள் கண்டவர், பிறர்க்கென முயன்ற பள்ளியில் வெற்றிபெறவில்லை. அவர் முயற்சியால் 1751ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட கல்விக்கழகத்தில், ஆங்கிலப் பகுதி இலத்தீன் பகுதிக்கு நிகராக நடக்கவேண்டுமென்பது அவர் கருத்து. உடனிருந்த தர்மகர்த்தர்களோ இலத்தீனையே பெருமையாகக் கருதினர். இலத்தீன் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 200 பவுன். ஆங்கில ஆசிரியருக்கு 100. ஆங்கிலப் பகுதி நாளடைவில் நலிந்தது. அரசியற் பணியால் இங்கிலாந்திலும் பிரான்சிலும் நெடுங்காலம் வாழ்ந்த அவரால் அதைக் காக்க இயலவில்லை.

1789ஆம் ஆண்டு, நோயுற்றுப் பெரும்பாலும் படுக்கையிலிருந்த காலத்தில், பழைய குறிப்பேடுகளைத் தருவித்து, அப்பள்ளியின் முதல் நோக்கம் எங்ஙனம் கைவிடப்பட்டதென்று விரிவாக எழுதினார். ஆங்கிலப் பகுதியைத் தனியே பிரித்து, அதற்குரிய பொருளைக் கொடுத்துவிட வேண்டுமென்றும் அதில் கேட்டார். அதைத் தொடங்கியபோது உடன் முயன்றவருள் பெரும்பாலோர் அப்போது உயிரோடில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, தமது 84ஆம் வயதில் அவரும் காலமானார்.