புங்க விதையும் குருதிக் குழாயும்: பேராசிரியர் சேஷாத்திரி விட்டுச் சென்ற அறிவு

புங்குடுதீவு என்னும் பெயருக்குப் புங்க மரமே காரணம் என்று கூறுவோர் உண்டு. அத்தீவின் இறுப்பிட்டியிலும் அயற் கிராமங்களிலும் வாழ்வோருக்கு அம்மரத்தை நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஆனால், புங்க விதையின் எண்ணெயில் அடங்கியுள்ள பொருள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தோருள் முதன்மையான ஒருவர் குளித்தலையிற் பிறந்த பேராசிரியர் தி.இரா. சேஷாத்திரி என்பதை எம்மிற் பலர் அறியார். தாவரங்களில் உள்ள பொலிபீனோல்கள் குருதிக் குழாய்களுக்கு நன்மை செய்வதாக நாள்தோறும் விளம்பரங்கள் வெளிவரும் இக்காலத்தில், அப்பொருள்களின் இரசாயனத்துக்குத் தம் வாழ்நாளையே அளித்த அந்த அறிஞரை நினைவுகூர்வது பொருத்தமானது.

1900 ஆம் ஆண்டு பெப்ரவரி 3 ஆம் திகதி, அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் குளித்தலையில் ஓர் ஆசிரியரின் மகனாக அவர் பிறந்தார். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிக் கல்வியை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனம் பயின்றார். அங்கு பேராசிரியர் பி.பி. தே அவர்களின் வழிகாட்டலில் ஆய்வுத் துறைக்குள் நுழைந்தார். 1927 இல் சென்னை அரசாங்கத்தின் புலமைப்பரிசில் பெற்று மான்செஸ்டர் சென்ற அவர், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ரொபர்ட் ரொபின்சனிடம் பயின்று 1929 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிரிட்ஸ் பிரெகலிடம், மிகச் சிறிதளவு பொருளையும் துல்லியமாகப் பகுத்தறியும் நுண்பகுப்பு முறையைக் கற்றார். எடின்பரோவில் ஜோர்ஜ் பார்ஜரிடமும் பணியாற்றினார்.

1930 இல் தாயகம் திரும்பிய அவர், கோயம்புத்தூர் விவசாய ஆய்வு நிலையத்தில் சில காலம் பணிபுரிந்த பின், 1933 இல் வால்டேயரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இளம் பல்கலைக்கழகமொன்றின் ஆய்வுகூடத்தை ஏறக்குறைய வெறுங் கையிலிருந்து கட்டியெழுப்ப வேண்டிய நிலை. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத அக்காலத்தில், அயலிற் கிடைத்த பருத்திப் பூவையும் புங்க விதையையுமே அவரும் மாணவர்களும் ஆய்வுப் பொருளாகக் கொண்டனர். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதையடுத்து, பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர நேர்ந்தது. போர் காரணமாகக் கல்வி நிலையங்கள் இடம்பெயர்வது என்னவென்பதை எமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அந்த இடர்களுக்கு நடுவிலும் ஆய்வுகள் தொடர்ந்தன.

1949 இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று அங்கு சென்ற சேஷாத்திரி, அதன் இரசாயனத் துறையை இயற்கைப் பொருள் ஆய்வின் பெயர்பெற்ற மையமாக வளர்த்தெடுத்தார். 1960 இல் இலண்டன் றோயல் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார். 1963 இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1965 இல் ஓய்வுபெற்ற பின்னரும் தகைசார் பேராசிரியராக ஆய்வைத் தொடர்ந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளையும், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கலாநிதி மாணவர்களையும் விட்டு, 1975 செப்டெம்பர் 27 ஆம் திகதி அவர் மறைந்தார்.

அவருடைய உழைப்பின் பெரும் பகுதி பிளேவனொயிட்டுகள் என்னும் பொலிபீனோல் வகையைப் பற்றியது. பூவுக்கும் கனிக்கும் நிறத்தையும் துவர்ப்பையும் தருபவற்றுள் இவை முக்கியமானவை. ஒரு பிளேவனொயிட்டின் மூலக்கூறில் எந்த இடத்தில் எந்தக் கூறு இணைந்துள்ளது, தாவரம் அதனை எவ்வழியில் உருவாக்குகின்றது, ஆய்வுகூடத்தில் அதனை மீள ஆக்குவது எங்ஙனம் என்பன அவர் விடை தேடிய வினாக்கள். குருதிக் குழாய்களை அவர் ஆராய்ந்தவரல்லர். எனினும், ஒரு பொருள் இன்னதென்று தெரியாமல் அது உடலில் என்ன செய்கின்றது என்று கேட்க முடியாது. அந்த அடித்தளத்தை இட்டவர்களுள் அவர் ஒருவர்.

அவர் வால்டேயரில் பணியாற்றிய அதே காலத்தில், 1936 இல், ஹங்கேரிய அறிஞர் சென்ட் ஜியோர்ஜி எலுமிச்சை இனப் பழங்களின் பிளேவனொயிட்டுகள் நுண்குருதிக் குழாய்களின் பலவீனத்தைப் போக்குவதாகக் கண்டு, அவற்றுக்கு விற்றமின் பீ எனப் பெயரிட்டார். ஆனால் அவை உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று நிறுவப்படாமையால், 1950 அளவில் அப்பெயர் கைவிடப்பட்டது. ஆர்வம் சான்றை முந்திச் செல்லலாகாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

குருதிக் குழாயின் உட்புறத்தை ஒற்றைப் படையாக மூடியுள்ள அகவணிக் கலங்களின் பணி, 1980 இல் அமெரிக்கரான ரொபர்ட் பர்ச்கொட் செய்த ஆய்வின் பின்னரே தெளிவாகத் தொடங்கியது. இக்கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை வெளியிட்டுக் குழாயைத் தளரச் செய்கின்றன. அது குறையும்போது குழாய் இறுகுகின்றது, குருதி அமுக்கம் உயருகின்றது, கொழுப்புப் படிவுக்கும் வழி ஏற்படுகின்றது. கொக்கோ, தேயிலை போன்றவற்றின் பிளேவனொயிட்டுகள் இந்த வாயுவின் உற்பத்தியைத் தூண்டிக் குழாயை ஓரளவு விரியச் செய்வதைச் சிறிய பரிசோதனைகள் காட்டியுள்ளன. உண்ணப்படும் பொலிபீனோலில் மிகச் சிறிய பகுதியே குருதியைச் சென்றடைகின்றது. அதுவும் குடற் பக்ரீறியாக்களாலும் ஈரலாலும் உருமாற்றப்பட்ட பின்னரே சென்றடைகின்றது. ஆகவே, குருதியில் உள்ள நச்சை இவை நேரடியாகத் துடைத்தெறிகின்றன என்ற பழைய விளக்கம் இன்று வலுவிழந்துள்ளது.

நெதர்லாந்தின் சூட்பென் நகரில் முதியோரிடையே நடத்தப்பட்டு 1993 இல் வெளியான ஆய்வு, தேநீர், வெங்காயம், அப்பிள் ஆகியவற்றின் மூலம் பிளேவனொயிட்டை அதிகம் பெற்றோரிடம் இதய நோய் மரணம் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆனால் 2022 இல் வெளியான, 21,000 க்கு மேற்பட்டோர் பங்குகொண்ட அமெரிக்கப் பரிசோதனையில், கொக்கோச் சாற்று மாத்திரைகள் இதய, குருதிக் குழாய் நோய் நிகழ்வுகளின் மொத்தத் தொகையை உறுதியாகக் குறைக்கவில்லை. இதய, குருதிக் குழாய் நோயால் ஏற்படும் மரணம் மட்டும் குறைந்து காணப்பட்டது. நம்பிக்கை உண்டு, முடிவான தீர்ப்பு இல்லை.

இதிலிருந்து எமது மக்கள் பெறவேண்டிய பாடம் எளிமையானது. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம், முருங்கையிலை வறை, நாவற்பழம், மாதுளை, பாலில்லாத தேநீர், நோன்பு துறக்கும் வேளையில் முஸ்லிம் இல்லங்களில் பரிமாறப்படும் பேரீச்சம்பழம் ஆகிய யாவும் பொலிபீனோல் கொண்டவை. இவற்றை அளவோடு உண்ணப் போத்தலில் அடைத்த விலையுயர்ந்த மாத்திரைகள் தேவையில்லை. அதேவேளை, நீரிழிவு உள்ளோர் பேரீச்சம்பழத்தின் சீனியையும், குருதிச்சோகை உள்ளோர் உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதையும் மனங்கொள்ள வேண்டும். சேஷாத்திரி ஆராய்ந்த புங்க எண்ணெயும் உண்ணத் தக்கதன்று. இயற்கையானது என்பதனால் மட்டும் எதுவும் உணவாகிவிடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இலை தழைகளை நம்பி வைத்தியர் தந்த அமுக்க மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. இறுப்பிட்டியில் நள்ளிரவில் ஒருவருக்குப் பாரிசவாதம் ஏற்பட்டால், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடையக் கடல் நடுவிலான தாம்போதிகளைக் கடந்து செல்ல வேண்டும். அந்த நேர இழப்பை எந்த மூலிகையும் ஈடுசெய்யாது.

ஒரு விதையின் இயல்பை அறியப் பல ஆண்டுகள் பொறுத்திருந்தவர் சேஷாத்திரி. எமது தீவுகளின் தாவரங்களையும் அதே பொறுமையோடு ஆராய எமது பல்கலைக்கழக மாணவர்கள் முன்வருவார்களாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் தகுந்த அஞ்சலியாகும்.