வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்

இந்த மாதம் நம் சுவர்ப் பத்திரிகையில் ஒரு டாக்டரம்மாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியிருக்கிறேன். நம்ம மலையில் யாருக்காவது பெரிய நோய் வந்தால், வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர்தான் ஐடா ஸ்கடர்.

இவர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா, தாத்தா எல்லோரும் அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்து வைத்தியம் பார்த்த பாதிரியார்கள். ஐடா சின்னப் பிள்ளையாக இருந்தபோது 1877இல் கடும் பஞ்சம் வந்தது. பசியில் ரொட்டியைக் கையில் பிடிக்கக்கூட தெம்பு இல்லாமல் கிடந்த குழந்தைகளுக்கு, ஐடாதான் பிய்த்து வாயில் ஊட்டினாராம். அந்தக் காட்சி அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால் பெரியவள் ஆனதும் இந்த ஊர்ப் பக்கமே வரக்கூடாது, அமெரிக்காவிலேயே வசதியாக இருந்துவிட வேண்டும் என்று நினைத்தார். டாக்டர் ஆகும் ஆசையும் அவருக்குக் கிடையாது.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போவதாகத்தான் எண்ணம். ஆனால் ஒரே ராத்திரியில் எல்லாம் மாறிப் போச்சு.

அன்றைக்கு ராத்திரி ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி, ரொம்ப ஆபத்தான நிலை. அந்தப் பெண்ணுக்கு வயது பதினான்குதான் என்று சொல்கிறார்கள். என் அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்று ஐடா சொன்னார். ஆண் டாக்டர் வீட்டுக்குள் வந்து பார்ப்பது வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அவர் வீட்டிலும் பிரசவம், அவரும் அதே காரணத்தைச் சொன்னார். மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார், அவரும் அப்படியே. மூன்று பேரும் பெண் டாக்டர்தான் வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. விடிந்ததும் விசாரித்தால் மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

மூன்று வீட்டாரும் வேறு வேறு சாதி, மதம். ஆனால் மூன்று வீட்டிலும் செத்துப் போனது பெண்தான். பக்கத்திலேயே டாக்டர் இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போச்சு. அன்றைக்கே ஐடா தான் டாக்டருக்குப் படிப்பது என்று முடிவு செய்தார்.

அமெரிக்கா போய்ப் படித்து 1899இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1900இல் வேலூர் வந்து, அப்பா வீட்டில் ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். சீக்கிரமே அப்பாவும் இறந்துவிட்டார். புதுசா வந்த பெண் டாக்டரை நம்பி வர ஜனங்கள் முதலில் தயங்கினார்கள். வீட்டில் வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்ணைத்தான் தன் உதவிக்குப் பழக்கிக்கொண்டார். இரண்டு வருடத்தில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902இல் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி வந்தது.

ஆஸ்பத்திரி வந்துவிட்டது, ஆனால் கிராமத்து ஜனங்கள் அதுவரைக்கும் எப்படி வருவார்கள்? அதனால் டாக்டரம்மாவே கிளம்பினார். முதலில் மாட்டு வண்டியில், 1909க்குப் பிறகு ஒரு சின்ன காரில். அந்தக் காரைப் பார்த்து, பேய் வருகிறது என்று பயந்து ஓடியவர்களும் உண்டாம்! குடியாத்தம் ரோட்டில் வாரம் ஒரு நாள், இன்ன மரத்தடி என்று இடம் வைத்துப் போவார். சுற்றுப்பட்டு ஊர் ஜனங்கள் புண், காய்ச்சல், கண்வலி, தொழுநோய் என்று அங்கே வந்து காத்திருப்பார்கள். மரத்தடிதான் ஆஸ்பத்திரி.

ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? அதனால் 1909இல் நர்ஸ் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். அந்தப் பள்ளியில் ஒரு எலும்புக்கூடு, ஒரு மைக்ராஸ்கோப், சில புத்தகங்கள், அவ்வளவுதான் இருந்தது. பெண்களால் பாஸ் பண்ண முடியுமா என்று கேட்டவர்களுக்குப் பரீட்சை முடிவுதான் பதில் சொன்னது. முதல் செட் பெண்கள் 14 பேரும் பாஸ்! 1922இல் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

1960ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி கொடைக்கானலில் டாக்டரம்மா காலமானார். அப்போது வயது 89. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவர் போன அதே குடியாத்தம் பக்கம், கே.வி.குப்பத்தில் 1977இல் கிராம மக்களுக்காக ஒரு மருத்துவத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. வேலூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணிக்குப் பழக்கினார்கள். ஊர்க்காரப் பெண் சொன்னால் ஊர் கேட்கும் அல்லவா!

தோழிகளே, நானும் பதினான்கு வயதுக்காரிதான். அந்த ராத்திரி இறந்த பெண்ணை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் பிரசவத்துக்குப் போனாள். இன்றைக்குப் பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். யாருக்காவது அப்படி நடக்கப் போகிறது என்று தெரிந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள், 1098க்குப் போன் பண்ணுங்கள். பயப்படாதீர்கள்.

நம்ம பச்சைமலையிலிருந்து துறையூர் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி வலி எடுத்தால் மலைப்பாதை இன்னும் நீளம். அதனால் மாசமாக இருக்கிற அக்கா, அண்ணிமாரை நர்ஸம்மாவிடம் பெயர் பதிந்து, தேதி நெருங்கும் முன்பே கீழே கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளும் இதை வீட்டில் பேச வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்ம வகுப்பிலிருந்து ஒரு நர்ஸாவது, ஒரு டாக்டராவது வந்து இந்த மலையிலேயே வேலை பார்க்க வேண்டும். படிப்போம்! உயிர் காப்போம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி