எழுப்புதலுக்குத் தொட்டில் ஆட்டிய தாய்



வீடு சந்திப்புக்குப் போகிற இடங்களில் தாய்மார் என்னிடம் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள். அடுப்பும் பிள்ளைகளுமாகவே பொழுது போய்விடுகிறது, எங்களுக்கு எங்கே சிஸ்டர் ஊழியம் என்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த மாதம் சூசன்னா வெஸ்லி அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். இந்தத் தாயார் வெளிதேசம் போன மிஷனெரி அல்ல, பட்டம் பெற்ற ஊழியரும் அல்ல. ஆனாலும் இங்கிலாந்தை அசைத்த எழுப்புதல் அவர்கள் வீட்டுக்குள்ளேதான் வளர்ந்தது.

அம்மையார் 1669-ஆம் வருஷம் லண்டனில் ஒரு போதகருக்கு 25-வது பிள்ளையாகப் பிறந்தார்கள். 1688-இல் சாமுவேல் வெஸ்லி என்கிற குருவானவரை விவாகம் செய்தார்கள். எப்வொர்த் என்கிற நாட்டுப்புற ஊரில் ஊழியம். 19 பிள்ளைகளைப் பெற்றார்கள்; 9 பேரைச் சிசுப்பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தார்கள். கணவர் பக்திமான், படிப்பாளி, ஆனால் கடன் அவரை விட்டபாடில்லை. 1705-இல் கடனுக்காகவே லிங்கன் கோட்டைச் சிறையில் கிடந்தார்.

1709 பிப்ரவரி 9 இரவு வீடு தீப்பிடித்தது. எல்லாரும் வெளியே ஓடிவந்த பிறகுதான் 5 வயது ஜான் மாடியில் அகப்பட்டிருப்பது தெரிந்தது. ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியாகப் பிள்ளையை இறக்கினார்கள். இறக்கின மாத்திரத்தில் கூரை இடிந்து விழுந்தது. வீடு சாம்பலாயிற்று. பிள்ளைகளைப் பல வீடுகளில் பிரித்து விடவேண்டியதாயிற்று. அங்கே கண்ட பேச்சும் கண்ட பாட்டும் பழகிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அம்மையார் சோர்ந்து உட்காரவில்லை. பிள்ளை வளர்ப்பை முதலிலிருந்து திரும்பத் தொடங்கினார்கள்.

அவர்கள் வீடே பள்ளிக்கூடம். காலையில் 3 மணி நேரம், மத்தியானத்துக்குப் பின் 3 மணி நேரம் பாடம். பிள்ளைக்கு 5 வயது நிறைந்ததும் ஒரே நாளில் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்து, ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எடுத்து வாசிக்க வைப்பார்கள். பெண்பிள்ளைகள் நன்றாக வாசிக்கத் தெரிந்தபிறகுதான் தையல் வேலைக்குப் போகலாம். பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று உலகம் கேட்ட காலம் அது!

இனி நான் சொல்லப்போவது நம்மில் அநேகர் கேட்டிராத சங்கதி. 1706-இல் சீகன்பால்கும் புளூட்சோவும் நம்முடைய தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தமிழ் ஜனங்கள் நடுவே செய்த ஊழியத்தின் செய்தி ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. அந்தப் புத்தகம் எப்வொர்த் வீட்டில் தகப்பனாருடைய அறையில் கிடந்தது. மூத்த மகள் எமிலியா அதைக் கண்டெடுத்து வாசித்துக் காட்ட, அம்மையாரின் உள்ளம் கொழுந்துவிட்டு எரிந்தது. நான் ஆண் அல்ல, குருவானவரும் அல்ல. ஆனாலும் இப்போது செய்கிறதைவிட ஏதாவது அதிகமாகச் செய்யலாமே என்று ஆண்டவருக்கு முன்பாக யோசித்தார்கள்.

கப்பல் ஏறினார்களா? இல்லை. தன் பிள்ளைகளிடத்தில் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நாள் இரவும் ஒரு பிள்ளையைத் தனியே கூட்டி வைத்து, அதன் ஆத்துமாவைக் குறித்துப் பேசினார்கள். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லசுக்கு. இப்படி வீட்டிலிருந்த 8 பேருக்கும் முறை வைத்திருந்தார்கள். எவ்வளவு வேலை இருந்தாலும் அந்த நேரம் அந்தப் பிள்ளைக்குத்தான்! நம்ம தமிழ்நாட்டுக் கடற்கரையில் பற்றின நெருப்பு எங்கோ ஒரு தாயின் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்ததைப் பாருங்கள். அல்லேலூயா!

1711, 1712 குளிர்காலத்தில் கணவர் சபை வேலையாக லண்டனில் இருந்தார். ஞாயிறு மாலையில் அம்மையார் பிள்ளைகளைக் கூட்டி ஜெபித்துப் பிரசங்கம் வாசிப்பார்கள். வேலைக்காரப் பையன் தன் தாய் தகப்பனிடம் சொல்ல, அவர்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள், 200 பேர் வரைக்கும் கூடி, இடமில்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. உதவிக் குருவானவருக்குப் பொறுக்கவில்லை, புகார் எழுதினார். கணவரும் நிறுத்தும்படி எழுதினார். அம்மையார் பணிவாகப் பதில் எழுதினார்கள்: கட்டளையாகச் சொன்னால் கீழ்ப்படிகிறேன், ஆனால் ஆத்துமாக்களுக்காக நியாயாசனத்துக்கு முன்பாக நீங்களே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று.

அந்தக் குடும்பத்தில் கண்ணீர் இல்லையென்று நினைத்துவிடாதிருங்கள். ஹெட்டி என்கிற அருமையான மகளின் வாழ்க்கை துக்கமாகவே போயிற்று. ஜெபிக்கிற தாய்க்கும் இருதயம் உடைகிறதுண்டு. பிள்ளை வழிதப்பிப் போயிற்றே என்று அழுகிற தாயே, உன் ஜெபம் வீண் என்று பிசாசு சொன்னால் நம்பாதே.

ஏறக்குறைய 20 வருஷம் கழித்து, ஜான் ஆக்ஸ்போர்டில் பெரிய படிப்பாளியாக இருந்தபோதும், அந்த வியாழக்கிழமை நேரத்தில் கொஞ்சம் எனக்காக ஒதுக்குங்கள் என்று தாய்க்கு எழுதினார். 1738 மே மாதத்தில் சார்லசும் ஜானும் மூன்று நாள் இடைவெளியில் இரட்சிப்பின் நிச்சயத்தைப் பெற்றார்கள். சார்லஸ் ஆயிரக்கணக்கான பாடல்களை எழுதினார். ஜான் குதிரைமேல் ஏறி ஊர் ஊராய்ப் போய் வெளி மைதானங்களில் பிரசங்கித்தார். பட்டம் பெறாத தாமஸ் மாக்ஸ்பீல்ட் பிரசங்கிக்கத் துணிந்தபோது, தடுக்க ஓடி வந்த ஜானை நிறுத்தினவர்களும் அம்மையாரே. தேவன் அவரையும் அழைத்திருக்கிறார், முதலில் கேட்டுப்பார் என்றார்கள். சாதாரண விசுவாசிகள் பிரசங்கிக்க அந்த எழுப்புதலில் அப்படித்தான் கதவு திறந்தது.

1742 ஜூலை 23-ஆம் தேதி அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். நான் விடுதலையானதும் அழாதீர்கள், துதிப்பாட்டுப் பாடுங்கள் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று அப்படியே பாடினார்கள்.

அன்பான தாயே, தகப்பனே, உங்கள் வீட்டில் பிள்ளைக்குச் சாப்பாடு உண்டு, துணி உண்டு, ஃபீஸ் கட்டியாயிற்று. அந்தப் பிள்ளையோடு தனியே உட்கார்ந்து அதன் ஆத்துமாவைக் குறித்து விசாரித்து எத்தனை நாள் ஆயிற்று? இந்த வாரமே ஒரு பிள்ளைக்கு ஒரு மாலை என்று முறை வையுங்கள். செல்போனை அப்பால் வைத்துவிடுங்கள். பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அது சொல்லுகிறதைக் கேளுங்கள். பிறகு தலைமேல் கைவைத்து ஜெபியுங்கள். பாத்திரம் கொஞ்சம் தாமதமாய்க் கழுவினாலும் குறைந்து போகாது.

லோவிசாளையும் ஐனிக்கேயாளையும் கொண்டு தீமோத்தேயுவை எழுப்பின தேவன் உங்கள் வீட்டிலும் கிரியை செய்வாராக. ஆமென்.