மருத்துவர் சார்லஸ் டோனவன்

எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றால், திருவொற்றியூரையும் இராயபுரத்தையும் கடந்து ஜார்ஜ் டவுனை அடையலாம். இன்று வாணிகத்தால் பொலியும் அப்பகுதியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடிய காய்ச்சல் ஒன்று குடிகொண்டிருந்தது. அந்நோய் பற்றியவரின் உடல் நாளுக்கு நாள் மெலியும். மண்ணீரலோ வயிற்றை நிறைக்குமாறு வீங்கும். அதனை மலேரியா என்றே பலரும் கருதினர். ஆயினும், கொயினா கொடுத்தும் நோய் தீரவில்லை.

அந்நோயின் உண்மையைக் கண்டவருள் ஒருவர் சார்லஸ் டோனவன். 1863ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த அவர், அயர்லாந்தில் மருத்துவம் பயின்று, 1891இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும் அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் விளங்கினார். பலர் கூறினர் என்பதற்காக எதனையும் ஏற்பது அவர் இயல்பன்று.

1903ஆம் ஆண்டில், இந்நோயால் இறந்தோரின் மண்ணீரலை நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, முட்டை வடிவான நுண்பொருள்களை அவர் கண்டார். அவ்வாண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் லீஷ்மன் என்பாரும் அத்தகையவற்றைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால், அவை இறந்தபின் சிதைந்துபோன வேறோர் ஒட்டுண்ணியாகலாம் என லீஷ்மன் எண்ணினார். டோனவனோ, உயிருடனிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த குருதியிலும் அவற்றைக் கண்டு, அவை சிதைவுப் பொருள்கள் அல்ல என்பதை மெய்ப்பித்தார். அவ்வுயிர் புதியது எனக் கண்ட ரொனால்டு ராஸ், இருவர் பெயரையும் இணைத்து, லீஷ்மானியா டோனவானி எனப் பெயரிட்டார். அது விளைக்கும் நோயே காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல்.

அவ்வொட்டுண்ணி வாழுமிடம் வியப்புக்குரியது. நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவலராகிய பெருவிழுங்கி அணுக்களின் உள்ளேயே அது தங்கிப் பெருகுகின்றது! காவலர் வாளாவிருப்பது ஏன்? பல்லாண்டுகளுக்குப்பின் அறிவியல் இதற்கு விடை கண்டது. நம் உடலின் அணுக்கள் சைட்டோகைன்கள் என்னும் புரதங்களைத் தூதாக அனுப்புகின்றன. காமா இன்டர்பெரான் என்னும் தூது வந்தால், பெருவிழுங்கி விழித்தெழுந்து, நைட்ரிக் ஆக்சைடு முதலியவற்றால் ஒட்டுண்ணியை அழிக்கும். இன்டர்லூக்கின்-10 என்னும் தூதோ அவ்வேகத்தைத் தணிக்கும். அளவு கடந்த போர் உடலையே அழித்துவிடுமாதலின், தணிப்பதும் வேண்டுவதே. கருங்காய்ச்சலில் தணிக்கும் தூது மிகுவதால், காவலர் சோர, பகைவர் பெருகுகின்றனர்.

நோயைப் பரப்புவது மணல் ஈ என்பதைச் சுவாமிநாத் முதலியோர் 1942இல் நிறுவினர். 1911இல் இராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றுத் தொண்டாற்றிய டோனவன், ஓய்வுபெற்றபின் இங்கிலாந்தில் வாழ்ந்து, 1951இல் மறைந்தார். ஊரார் ஏற்ற கருத்தையும் ஐயுற்று ஆராய்ந்த அவர்தம் துணிவே, பின்வந்த அறிஞர்க்கு வழி திறந்தது.