ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தவர்

எரிக் லிடல் என்றதும் பலருக்கும் 1924 பாரிஸ் ஒலிம்பிக்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே அவர் ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக 7 அனைத்துலக ஆட்டங்களில் ஆடியவர். ஆனால், என்னை அதிகம் சிந்திக்க வைத்தது அவர் வென்ற பதக்கம் அல்ல. ஒரு தடுப்பு முகாமில் அவர் எடுத்த முடிவு.

லிடல் 1902இல் சீனாவின் தியான்ஜின் நகரில், ஸ்காட்லாந்து சமயப் பணியாளர்களின் மகனாகப் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்துக்கொண்டே ரக்பியிலும் ஓட்டத்திலும் பெயர் எடுத்தார். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை நடக்கும் என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்தது. ஞாயிறு இறைவனுக்குரிய நாள் என்று நம்பிய அவர், தமக்குக் கைவந்த அந்தப் போட்டியிலிருந்து விலகினார். 400 மீட்டருக்குப் பயிற்சி செய்து, 47.6 வினாடிகளில் தங்கம் வென்றார்.

புகழின் உச்சியில் இருந்தவர் மறு ஆண்டே சீனா திரும்பி, தியான்ஜினில் அறிவியல் ஆசிரியரானார். பின்னர் போரால் சிதைந்த கிராமங்களில் சமயப் பணி செய்தார். 1941இல் நிலைமை மோசமாகவே, கர்ப்பிணி மனைவியையும் இரு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

1943இல் ஜப்பானியர்கள் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் அங்கு இருந்தனர். ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில், சோதனைக் கருவிகளைக் கையால் வரைந்து காட்டி வேதியியல் கற்பித்தார். முதியவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார். பிள்ளைகளுக்கு விளையாட்டுகளை நடத்தினார், ஞாயிறு தவிர.

ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினர். நடுவர் இல்லாததால் ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு, நடுவராகத் திடலில் வந்து நின்றவர் லிடல்!

1945 பிப்ரவரி 21ஆம் நாள், மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார். வயது 43. ஆகஸ்டில் முகாம் விடுவிக்கப்பட்டது.

ஒலிம்பிக் தங்கத்துக்காகக்கூட விட்டுக்கொடுக்காத ஒரு கொள்கையை, சண்டையிட்ட சில பிள்ளைகளுக்காக அவர் தளர்த்தினார். இதை நான் தடுமாற்றமாகக் கருதவில்லை. தமக்கு வரும் பெருமை என்றபோது உறுதியாக நின்றார். பிறருக்குத் தேவை என்றபோது இறங்கி வந்தார். கொள்கைப் பிடிப்புக்கும் வெறும் பிடிவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் அவரிடம்தான் கண்டேன். மாணவர்களே, நீங்களும் சிந்தித்துப் பாருங்கள்.