பூங்கா இருக்கையில் காத்திருந்த தந்தை

குழந்தைகளைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், பெரும்பாலும் அங்கே காவலர்களாகவே இருக்கிறார்கள். பையையும் காலணியையும் காத்தபடி ஓரத்தில் அமர்ந்து, ராட்டினம் எப்போது நிற்கும் எனக் காத்திருக்கிறார்கள். முக்கால் நூற்றாண்டுக்கும் முன்பு, லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் தன் இரு மகள்களும் குதிரை ராட்டினத்தில் சுற்றுவதை, வேர்க்கடலை கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தந்தைக்கு இந்தக் காத்திருப்பு உறுத்தியது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ ஓர் இடம் ஏன் இல்லை என்று அவர் எண்ணினார். அவர் வால்ட் டிஸ்னி.

அந்த எண்ணத்தின் வேர் அவரது இளமைப் பருவத்தில் இருக்கிறது. 1901 டிசம்பர் 5 அன்று சிகாகோவில் பிறந்தவர் அவர். தச்சரான தந்தை எலியாஸ், 1893-இல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர். 1906-இல் குடும்பம் மிசௌரி மாநிலத்தின் மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. பண்ணை, விலங்குகள், ஊரைக் கடந்து செல்லும் ரயில் என வால்ட் கவலையின்றி வாழ்ந்த காலம் அங்கே கழிந்த நான்கைந்து ஆண்டுகள்தான்.

பண்ணையைத் தொடர முடியாமல் போகவே, 1911-இல் குடும்பம் கான்சஸ் சிட்டிக்குச் சென்றது. தந்தை நாளிதழ் விநியோக உரிமை ஒன்றை வாங்கினார். விடியலுக்கு முன்பே எழுந்து, பனியிலும் மழையிலும் வீடு வீடாக நாளிதழ் போடும் வேலை சிறுவன் வால்ட்டின் தலையில் விழுந்தது. அதற்குத் தந்தை ஊதியம் தரவில்லை. வசதியான வீடுகளின் திண்ணையில் கிடந்த பொம்மைகளை இருட்டில் சிறிது நேரம் எடுத்து விளையாடிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓடியதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஏதோ ஒரு வீட்டுக்கு நாளிதழ் போட மறந்துவிட்டதாக வரும் கனவு, புகழின் உச்சியில் இருந்தபோதும் அவரை விட்டு நீங்கவில்லை. அந்நகரில் எலெக்ட்ரிக் பார்க் என்றொரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. ஆயிரக்கணக்கான மின்விளக்குகளும் இரவுநேர வாணவேடிக்கையும் அங்கே பெயர்பெற்றவை. அந்த ஒளியும் அவர் மனத்தில் தங்கியது.

பின்பு நடந்தவை உலகறிந்தவை. 1923-இல் தன் நிறுவனம் நொடித்துப்போய் ஹாலிவுட் சேர்ந்தார். 1928-இல் மிக்கி மவுஸும் 1937-இல் ஸ்னோ ஒயிட் முழுநீளச் சித்திரப் படமும் வந்தன. ஆனால், படங்களில் கிட்டாத ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார். 1950-இல் தன் வீட்டுத் தோட்டத்தில் சிறிய நீராவி ரயில் ஒன்றை அமைத்து, விருந்தினர்களை ஏற்றித் தாமே ஓட்டினார். கோபன்ஹேகனில் 1843 முதல் இயங்கும் டிவோலி பூங்காவின் தூய்மையும் ஒளியமைப்பும் குடும்பங்கள் ஓய்வாக உலவும் காட்சியும் அவரைக் கவர்ந்தன.

பூங்கா அமைக்கும் திட்டத்தைக் கேட்டபோது, நிறுவனத்தின் நிதியைக் கவனித்த அண்ணன் ராய் தயங்கினார். அழுக்கான கேளிக்கைப் பூங்காக்களையே கண்டிருந்த மனைவி லில்லியனுக்கும் அதில் நம்பிக்கையில்லை. டிஸ்னி தன் ஆயுள் காப்பீட்டின் மீது கடன் வாங்கினார். ஓய்வு இல்லத்தை விற்றார். ஏபிசி தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி தயாரித்துத் தர ஒப்புக்கொண்டு முதலீடு பெற்றார். அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு, ஓராண்டில், 1.7 கோடி டாலர் செலவில் டிஸ்னிலேண்ட் ஆயிற்று.

1955 ஜூலை 17 அன்று நடந்த தொடக்க விழா குழப்பத்தில் முடிந்தது. போலி அழைப்பிதழ்களுடன் பல்லாயிரம் பேர் நுழைந்தனர். வெயிலில் தார் இளகிக் காலணிகள் புதைந்தன. குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களும் போதவில்லை. ஆயினும், ஏழு வாரங்களில் பத்து லட்சம் பேர் வந்துவிட்டனர்.

நுழைந்ததும் வரவேற்கும் கடைத்தெரு, மார்சலினின் நினைவிலிருந்து எழுந்தது. அதன் கட்டடங்களில் மேல்தளங்கள் கீழ்த்தளத்தைவிடச் சிறியவை. உயரமாகத் தோன்றினாலும் குழந்தையை மிரட்டாதவை. பூங்காவைச் சுற்றி ரயில் ஓடுகிறது. விடியற்காலை இருட்டும் நாளிதழ்க் கட்டும் மட்டும் அந்தத் தெருவில் இல்லை. தன் இளமையின் நல்ல பகுதியை மட்டும் எடுத்து, பிறருக்காக மீண்டும் கட்டினார் அவர்.

அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. தந்தையின் கண்டிப்பு அவரிடமும் இருந்தது. 1941-இல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதை உரிமைக் குரலாகக் காணாமல் துரோகமாகவே கண்டார். அந்தக் கசப்பு நெடுங்காலம் நீடித்தது. அன்று பெரியவருக்கு ஒரு டாலர், சிறுவருக்கு அரை டாலர் என்றிருந்த நுழைவுக் கட்டணம் இன்று நூறு டாலரைத் தாண்டிவிட்டது. திண்ணைப் பொம்மையைத் தொட்டுப் பார்த்த சிறுவன் இன்று அங்கே வந்தால் வாயிலில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்ற கேள்வியை அந்நிறுவனம் தவிர்க்க முடியாது.

1966 டிசம்பர் 15 அன்று, 65-ஆம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் டிஸ்னி மறைந்தார். ஒருகாலத்தில் தயங்கிய அண்ணன் ராய், ஃபுளோரிடாவில் தம்பியின் அடுத்த கனவை நிறைவேற்றினார். 1971-இல் அதைத் திறந்தபோது வால்ட்டின் முழுப்பெயரையும் அதற்குச் சூட்டினார்; அதே ஆண்டின் இறுதியில் அவரும் மறைந்தார். அன்று ராட்டினத்தில் சுற்றிய மூத்த மகள் டயான், தந்தையின் வாழ்வைக் கூறும் குடும்ப அருங்காட்சியகத்தை 2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவினார்.

மார்சலினின் நான்கைந்து ஆண்டுகள் ஒரு மனிதரை அறுபது ஆண்டுகள் நடத்திச் சென்றன. குழந்தைக்குத் தரப்படும் மகிழ்ச்சி அளவில் சிறிதாயினும், ஆயுளில் நீண்டது. கிரிஃபித் பூங்காவின் அந்த இருக்கை இன்று டிஸ்னிலேண்டில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன் நிற்கும் பெற்றோர் ஒரு கணம் சிந்திக்கலாம்: பிள்ளை விளையாடும் நேரத்தில் நாம் காத்திருக்கிறோமா, உடனிருக்கிறோமா?