மேகநாத் சாகா கேட்ட ஆதாரம்

1893 இல் டாக்கா அருகே ஏழை மளிகைக்கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத் சாகாவை நாம் வானியற்பியலாளராக மட்டுமே அறிவோம். கல்கத்தா ஈடன் இந்து விடுதியில் ஆதிக்கசாதி மாணவர்கள் அவருடன் ஒரே கூடத்தில் உண்ண மறுத்ததை அறிந்தோர் குறைவு.

1920 இல் விண்மீன் நிறமாலையை விளக்கும் அயனியாக்கச் சமன்பாட்டை வெளியிட்டார். ஃபவுலரும் மில்னும் அதனை ஆராய்ந்து திருத்தி விரித்தனர். அத்தகைய சோதனையிலிருந்து தமக்கு விலக்குக் கேளாத சாகா, பிறருக்கும் விலக்கு அளிக்கவில்லை.

அவ்வாய்வைக் கேட்ட டாக்கா வழக்கறிஞர் ஒருவர், எல்லாம் வேதத்தில் உள்ளதே என்றார்; எவ்விடத்தில் என்று வினவியபோது, தாம் அதனைப் படித்ததில்லை என ஒப்புக்கொண்டார். (அவர் நம் தொழிலினர் என்பதில் நமக்குப் பெருமையில்லை.) சாகா ஏறத்தாழ 20 ஆண்டுகள் வேதங்களையும் புராணங்களையும் பயின்று, நவீன அறிவியலின் அடிப்படை எதுவும் அவற்றில் இல்லை என வங்க இதழில் எழுதினார். புதுச்சேரி ஆசிரமத்து அனில்பரண் ராய் மறுத்தெழுதியபோதும் விடையளித்தார். கேள்விக்கு அப்பாற்பட்ட நூல் என ஒன்றை ஏற்பின், அதன் பெயரால் நிற்கும் சாதியையும் கேட்க இயலாது; நமக்கு அவர் முக்கியமாவது இதனால்தான்.

1952 இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். பஞ்சாங்க ஆண்டுப்பிறப்பு சம இரவுநாளிலிருந்து 23 நாட்கள் விலகிவிட்டதை அக்குழு காட்டியது. 1956 பிப்ரவரியில் மறைந்தார். மறுஆண்டு மார்ச் 22 இல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது, அரசு ஏடுகளில். இளம்பிள்ளையில் புதுத்தறி போட இன்றும் நாள் குறித்துத் தருவது அந்த 23 நாட்களைத் திருத்தாத பஞ்சாங்கமே.